இரு கண்களிலும் சிவப்பொளி

ஆஸ்பத்திரிக் கணினியில் மருத்துவர்கள் நிரப்பும் குறிப்புகளுக்கு ஐலா சோர்வாரி கட்டிய டெம்ப்ளேட்டுகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் மருத்துவர்கள் நன்றி சொன்னார்கள். மற்றவற்றுக்கெல்லாம் புகார்தான். கட்டம் அதிகம், எழுத்து சின்னது, பழையதே தேவலை. பிறந்த குழந்தையைப் பரிசோதித்து எழுதும் குறிப்புக்கு அவள் கட்டிய டெம்ப்ளேட் வெளியான முதல் நாளே, டாக்டர் வெண்ட் ஒரு டப்பா நிறைய எலுமிச்சை கேக் துண்டுகளை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மூடியில் ஒட்டியிருந்த தாளில் 'அந்தப் பட்டனுக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது.

பட்டனின் பெயர் 'எல்லாம் இயல்பு'. முப்பது கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டாம். ஒருமுறை அழுத்தினால் உச்சி முதல் பாதம் வரை ஒரு குழந்தை திரையில் வரிவரியாக எழுந்து வரும். உச்சிக்குழி மிருதுவாக, தட்டையாக உள்ளது. இரு கண்களிலும் சிவப்பொளி தெரிகிறது. அண்ணத்தில் பிளவு இல்லை. இதய ஒலி சீராக உள்ளது. இடுப்பு மூட்டுகள் உறுதியாக உள்ளன. எல்லா வரிகளையும் ஐலாதான் எழுதினாள். பாடநூலைப் பார்த்து எழுதி, மருத்துவர்களிடம் காட்டி, திரும்பத் திரும்பச் செதுக்கினாள். உயிரியல் படித்தவள். ஒரு வாக்கியம் சரியாக அமைந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்காது.

பிறந்த குழந்தையை அவள் அருகில் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த குழந்தை கணினிக்குள் இருந்தது. உண்மையான நோயாளிகளின் பக்கங்களைக் காரணமில்லாமல் திறந்தால் வேலை போய்விடும். அதனால் டெம்ப்ளேட் கட்டுகிறவர்கள் சோதித்துப் பார்க்க என்றே பொய் நோயாளிகள் இருந்தார்கள். ஐலாவுக்குக் கிடைத்ததன் பெயர் 'சோதனைக் குழந்தை'. அவள் வேலைக்குச் சேர்ந்த காலம் முதல் அது நேற்றுப் பிறந்த குழந்தையாகவே இருந்தது. எத்தனை முறை பட்டனை அழுத்தினாலும் அதற்கு எல்லாம் இயல்பு.

புது டெம்ப்ளேட் வார்டுக்குப் போகிற வாரத்தில், கட்டியவர் ஊதா நிற மேல்சட்டை மாட்டிக்கொண்டு மருத்துவரின் முழங்கையோரம் நிற்க வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். திரையில் தடுமாறுகிறவர்கள் தூரத்திலிருந்தே ஊதாவைக் கூப்பிடலாம். ஐலாவுக்கு அந்த வாரங்களைக் கண்டாலே ஆகாது. அந்த நிறத்தைப் போட்டுக்கொண்டு எங்கேயும் ஒளிய முடியாது.

பிப்ரவரி மாதம். மினசோட்டா மாநிலத்தின் ஸ்ப்ரூஸ் லாண்டிங்கில் ஏரி உறைந்து இறுகிப்போய், அதன்மேல் மீன்பிடிக் குடிசைகள் ஊர்போல் முளைத்திருந்தன. பிரசவ வார்டின் முதல் அறையில் ரெனே ஓலாஃப்சன் படுத்திருந்தாள். வடக்கே பால் பண்ணை வைத்திருப்பவள். முந்தின நாள் மாலை அவளுக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. பெயர் எமெட்.

ஐலா கதவோரமே நின்றுவிட்டாள். "நான் உள்ள இருக்கலாமா?"

"இருங்க. நேத்து பிரசவத்தப்போ பாதி மினசோட்டாவே இந்த ரூம்லதான் நின்னுச்சு," என்றாள் ரெனே. "ஊதா கலர்ல இன்னும் ஒருத்தர் நின்னா என்ன கொறஞ்சிடப் போவுது?"

"இவ உன்னையும் பாக்கல, பையனையும் பாக்கல," என்றார் வெண்ட், குழாயடியில் வெந்நீரில் கைகளைக் காட்டிக்கொண்டே. பனிக்காலணி போட்டால் கதவை அடைக்கிற உருவம் அவருக்கு. "நான் எங்க க்ளிக் பண்றேன்னு வேவு பாக்க வந்திருக்கா."

செவிலி டார்லா குழந்தையைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள்.

வெண்ட் இரண்டு விரல்களைக் குழந்தையின் உச்சியில் வைத்தார். அங்கே எலும்பு இல்லாத இடத்தில் தோல் மெல்ல ஏறி இறங்கியது. ஐலா அதையே பார்த்தாள். 'மிருதுவாக, தட்டையாக' என்று அவள் எழுதியிருந்தாள். அது துடிக்கும் என்பது அவளுடைய எந்த வரியிலும் இல்லை. பிறகு அவர் சுண்டுவிரலை வாய்க்குள் விட்டார். குழந்தை உடனே சப்பத் தொடங்கியது. அண்ணத்தில் பிளவு இல்லை என்பது இவ்வளவுதானா, ஒரு விரலும் ஒரு வாயும்? தொடைகளைப் பிடித்து விரித்து, பூட்டில் சாவி திருப்புவதுபோல் மெல்லத் திருப்பினார். தலையைச் சற்றே தூக்கி விட்டதும் குழந்தை இரண்டு கைகளையும் அகல விரித்து, எதையோ கட்டிப்பிடிப்பதுபோல் மெல்ல மூடியது. அறையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐலா கதவோரத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். அவள் மாதக்கணக்கில் எழுதிய வரிகளெல்லாம் ஒரு மேசைமேல் காலை உதைத்துக்கொண்டு கிடந்தன.

கடைசியாக வெண்ட் கண் பார்க்கும் விளக்கை எடுத்தார். குழந்தையின் இமைகள் வீங்கி ஒட்டியிருந்தன. பிறந்ததும் தடவிய களிம்பு வேறு பளபளத்தது. இரண்டு முறை முயன்றார்.

"கடைய இன்னும் தொறக்க மாட்டேங்கறான். நாளைக்கு வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துக்கறேன்."

சக்கர மேசைமேல் இருந்த கணினிக்கு வந்து பட்டனை அழுத்தினார். குழந்தை திரையில் எழுந்து வந்தது. "பாத்தியா? இதுக்குத்தான் கேக்."

ஐலா இரண்டாவது வரியைப் பார்த்தாள். இரு கண்களிலும் சிவப்பொளி தெரிகிறது.

"டாக்டர்," என்றாள். குரல் சரியாக வரவில்லை. "கண்ணு வரி."

"அட, ஆமா." அவர் அந்த வரியைத் தொட்டார். இரண்டு வாய்ப்புகள் விரிந்தன: தெரிகிறது, இல்லை. "இல்லைன்னு போட்டா மினியாபலிஸ்லேருந்து கண் டாக்டர் எனக்கு போன் அடிப்பாரு. பாத்தேன், ஒளி இல்லைன்னு அர்த்தம். நான் இன்னும் பாக்கவே இல்லையே. அதுக்கு எது?"

"அதுக்கு... வெக்கல."

வரியை அழித்துவிட்டுக் கையெழுத்திடப் பார்த்தார். திரை விடவில்லை. கண்ணை ஒருவரும் மறந்துவிடக் கூடாது என்று அந்த வரியைக் கட்டாயமாக்கியது ஐலாதான். காலியாக விட்டால் கையெழுத்து விழாது. போன மாதக் கூட்டத்தில் அதற்காக அவளை ஒருவர் பாராட்டிக்கூடப் பேசினார்.

"சரி விடு, நாளைக்குப் பாக்கத்தானே போறேன்," என்று வெண்ட் பழைய வரியையே திரும்ப வைத்துக் கையெழுத்திட்டார். வார்டில் அவருக்காக இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

மதியம் ஐலா தன் மேசைக்குத் திரும்பி, மூன்றாவது வாய்ப்பு ஒன்றைச் சேர்த்தாள்: இன்னும் பார்க்கவில்லை. கண் வரியைப் பட்டனிலிருந்து பிரித்து எடுத்தாள். மாற்றத்தை அனுமதிக்கு அனுப்பினாள். மருத்துவர்களின் குழு கூடி ஒப்புக்கொண்ட பிறகுதான் அது வார்டுக்குப் போகும். போனாலும், ஏற்கெனவே கையெழுத்தான குறிப்பை அது தொடாது.

பிறகு பாடநூலைத் திறந்து, முன்பு வாக்கியம் எடுப்பதற்காக மட்டும் படித்த பக்கத்தை முழுதாகப் படித்தாள். சில குழந்தைகள் கண்ணின் வில்லையில் புரையோடு பிறக்கின்றன; விளக்கு காட்டினால் அந்தக் கண்ணில் சிவப்பொளி தெரியாது. அரிது. ஆனால் பார்ப்பது எப்படி என்று மூளை கற்றுக்கொள்வது முதல் சில வாரங்களில்தான். அந்த வாரங்களில் ஒளி உள்ளே போகாவிட்டால், பின்னால் புரையை எடுத்தாலும் அந்தக் கண் பார்க்கக் கற்றுக்கொள்வது கடினம். அவள் அந்தப் பக்கத்தை மூடாமல் அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை வானம் ஈயம்போல் இறங்கியிருந்தது. ஐலா ஊதாச் சட்டையை மாட்டிக்கொண்டு வார்டுக்குப் போனபோது முதல் அறையில் டார்லா படுக்கை விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள்.

"கிளம்பிட்டாங்க, தங்கம். பனி கொட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேரணும்னு விடியறப்பவே நின்னாங்க. ராத்திரி டியூட்டியில இருந்த டாக்டர் ஹாலிஸ்தான் அனுப்பிவெச்சாரு."

"கண்ண பாத்தாரா?"

"எந்தக் கண்ண?"

"குழந்தையோடத."

டார்லா விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு யோசித்தாள். "வெண்ட் பாத்துட்டேன்னு எழுதியிருந்தா, அவசரத்துல ஹாலிஸ் எதுக்கு மறுபடி விளக்கத் தூக்கறாரு?"

எமெட்டின் பக்கத்தைத் திறந்து பார்க்க ஐலாவின் விரல்கள் துறுதுறுத்தன. ஆனால் திறந்தால்தான் என்ன தெரியும்? அவள் எழுதிய வாக்கியம்தான் அங்கே இருக்கும். இரண்டு வாரம் கழித்துக் குழந்தையைப் பார்க்கப்போகிற மருத்துவரும் அதைத்தான் படிப்பார். அவ்வளவு தெளிவான, ஒரு சொல் கூடுதல் இல்லாத வாக்கியம். அதைச் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றாது.

வெண்ட் கான்டீனில் ஜன்னலோரம் உட்கார்ந்து காட்டரிசி சூப் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. ஐலா அவர் மேசையருகே போய் நின்றாள். உட்காரத் தோன்றவில்லை.

"டாக்டர், ஓலாஃப்சன் குழந்தை."

"ஏன், பட்டன் வேலை செய்யலையா?"

"வேலை செஞ்சுது. அதனாலதான் வந்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க போயிட்டாங்க. கண்ண யாரும் பாக்கல."

கரண்டி கிண்ணத்தில் சாய்ந்தது. வெண்ட் ஜன்னல் பக்கம் திரும்பினார். "ரெண்டு வாரத்துல எப்படியும் வருவான்."

"அப்ப பாக்கறவங்க நம்ம குறிப்பத்தான் படிப்பாங்க."

"ஐலா, இத்தன வருஷத்துல நான் எத்தன கண்ணு பாத்திருப்பேன். ஒண்ணுலயாவது ஏதாவது இருந்திருக்கா? இல்ல."

"எல்லாத்தையும் பாத்தீங்க. அதனால இல்லைன்னு சொல்றீங்க. இவன பாக்கல."

சொல்லிவிட்டு அவள் காதுவரை சிவந்தாள். வெண்ட் அவளை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு சிரித்தார். மகிழ்ச்சியான சிரிப்பு இல்லை.

"உனக்கு வாய் இல்லைன்னு நெனச்சிட்டிருந்தேன். அதுவும் என் தப்புதான்."

அங்கேயே போனை எடுத்து ரெனேவைக் கூப்பிட்டார். ஐலா நகரப் பார்த்தாள். இரு என்று கைகாட்டினார்.

"ரெனே, வெண்ட் பேசறேன். பையன் நல்லா இருக்கானா? பால் குடிக்கிறானா? கேளு. அவன் கண்ண நான் பாக்கல. பாத்தேன்னு எழுதியிருக்கு, ஆனா பாக்கல. தப்பு என்னோடது. பயப்பட ஒண்ணும் இருக்காது, ஆனா பாத்தே ஆகணும்... இல்ல, இல்ல, இந்தப் பனியில கிளம்பிடாத. ரோடு தொறந்ததும் வா. எப்ப வந்தாலும் நான் இருப்பேன்."

போனை வைத்துவிட்டு ஆறிப்போன சூப்பைத் தள்ளினார். "எழுதினது நான்," என்றார்.

"வாக்கியம் என்னோடது," என்றாள் ஐலா.

பனி அன்றும் மறுநாளும் கொட்டியது. நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். ஐலா வேறு டெம்ப்ளேட்டுகளைத் திறந்து படித்தாள். முழங்கால் வலி, சர்க்கரை நோய், கர்ப்பகாலச் சோதனை. எல்லாவற்றிலும் அவளுடைய வாக்கியங்கள் நிறைந்திருந்தன. இந்த மாவட்டத்தில் நாள்தோறும் எத்தனையோ அறைகளில், அவள் பார்த்தே இராத முழங்கால்களைப் பற்றியும் நுரையீரல்களைப் பற்றியும் அவள் வாக்கியங்கள் பேசிக்கொண்டிருந்தன. 

மூன்றாம் நாள் வானம் நீலமாகத் திறந்தது. முற்பகலில் ரெனே வந்து சேர்ந்தாள். குழந்தையின் தொட்டிலிருக்கை முழுக்கப் போர்வை. போர்வைக்குள் எங்கோ எமெட்.

"இவங்கப்பா டிராக்டர வெச்சு ரோடு வரைக்கும் பனிய வெட்டி அனுப்பினாரு," என்றாள். "கண்ணுல ஒண்ணும் இல்லைன்னா சாயங்காலம் மாடு கறக்க டாக்டர் வரணுமாம்."

"வந்துட்டாப் போச்சு. மாடுதான் பாவம்."

ரெனே சிரித்தாள். கையுறையைக் கழற்றும்போது சிரிப்பு நின்றுவிட்டது. "ஏதாவது இருந்தா?"

"இருந்தா இன்னைக்கே மினியாபலிஸ். நேரத்தோட கண்டுபிடிச்சோம்னு அர்த்தம்."

அவள் தலையசைத்தாள். 

டார்லா திரைச்சீலையை இழுத்து, விளக்கை அணைத்தாள். கதவிடுக்கில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம். ஐலா சுவரோரம் நின்றாள். இருட்டில் ஊதாச் சட்டையும் கறுப்பாகிவிட்டது. எமெட் தூங்கிக்கொண்டிருந்தான்.

"படுக்க வெச்சா தொறக்க மாட்டான். நிமித்திப் பிடி, தங்கம்," என்றாள் டார்லா.

ரெனே குழந்தையைத் தோளுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தாள். கழுத்து தள்ளாடியது. ஒரு முனகல். வெண்ட் கை நீளத் தூரத்தில் குனிந்து விளக்கைத் தன் கண்ணருகே வைத்துக் காத்திருந்தார். இமைகள் பிரிந்தன.

"வலது இருக்கு," என்றார். ரெனே மூச்சை விட்டாள்.

விளக்கு இடப்பக்கம் நகர்ந்தது. குழந்தை முகத்தைச் சுளித்து, இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டது.

காத்திருந்தார்கள். டார்லா பாதத்தைத் தடவினாள். வெண்ட் நாக்கைச் சொடுக்கினார். எமெட் அசையவில்லை. ஒரு கண் நன்றாக இருந்து மறுகண்ணில் புரை இருக்கலாம் என்று ஐலா படித்திருந்தாள். அந்தப் பக்கத்தின் மூலையில் இருந்த படம் வரை அவளுக்கு நினைவு வந்தது.

அப்போது ரெனே வாய்க்குள்ளேயே ஒரு சத்தம் எழுப்பினாள். ச்சுக்-ஷ், ச்சுக்-ஷ், ச்சுக்-ஷ். கறவை இயந்திரத்தின் சத்தம். "வயித்துக்குள்ள இருந்தப்ப தெனமும் ரெண்டு வேள இதக் கேட்டுத்தான் வளந்தான்," என்று அதன் இடையிலேயே சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். அதே தாளத்தில் உடம்பும் அசைந்தது.

குழந்தையின் நெற்றிச் சுருக்கம் மறைந்தது. தனக்குத் தெரிந்த யாரோ வந்துவிட்டதுபோல் அது கண்களைத் திறந்தது. இரண்டையும், அகலமாக.

வெண்ட் நெடுநேரம் பார்த்தார். அல்லது ஐலாவுக்கு அப்படித் தோன்றியது.

"இடதும் இருக்கு."

ரெனே அந்தச் சத்தத்தை நிறுத்தவில்லை. வெண்ட் திரும்பி, விளக்கை ஐலாவிடம் நீட்டினார். "வா, பாரு. ரெனே, பாக்கலாம்ல?"

ரெனே சத்தத்தை விடாமல் தலையாட்டினாள்.

ஐலா வெண்ட் காட்டியபடி விளக்கைத் தன் கண்ணோடு சேர்த்துப் பிடித்துக் குனிந்தாள். முதலில் கன்னம் தெரிந்தது. பிறகு மூக்கு. பிறகு, எதிர்பாராமல், இருட்டுக்குள் இரண்டு தணல்கள்.

எப்படி என்று அவளுக்குத் தெரியும். ஒளி கண்ணின் வில்லையைக் கடந்து, உள்ளே பின்சுவரில் பட்டு, அங்கே ஓடும் இரத்தத்தின் நிறத்தை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்புகிறது. தேர்வில்கூட எழுதியிருக்கிறாள். தெரிந்து எந்தப் பயனும் இல்லை. அவள் கையிலிருந்து போன வெளிச்சம் ஒரு மனிதனுக்குள் போய், வழி திறந்திருக்கிறது என்று திரும்பி வந்து சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மனிதன் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவனும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அல்லது வெளிச்சத்தை. 

"எனக்கும் காட்டுங்க," என்றாள் ரெனே.

டார்லா குழந்தையை வாங்கிக்கொண்டாள். ரெனே விளக்கைப் பிடித்துக் குனிந்தாள். வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

"இது என்ன டாக்டர், உள்ள யாரோ வெளக்கு ஏத்தி வெச்ச மாதிரி."

"அவனேதான்."

"எல்லாக் கொழந்தைக்கும் இப்படியா இருக்கும்?"

"கிட்டத்தட்ட எல்லாக் கொழந்தைக்கும்," என்றார் வெண்ட். சொல்லிவிட்டு, தானே அப்போதுதான் அதைக் கேட்டதுபோல் சற்று நின்றார்.

ரெனே கிளம்பியதும் அவர் கணினி முன் உட்கார்ந்தார். பழைய குறிப்பை அழிக்க முடியாது. அதன்கீழ் தேதி போட்டுச் சேர்த்து எழுதத்தான் முடியும். அங்கே பட்டன் கிடையாது. இரண்டு விரல்களால், எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினார். முதல் நாள் கண்களைப் பார்க்கவில்லை. அன்றைய குறிப்பு தவறு. இன்று பார்த்தேன். பிறகு கடைசி வரி: இரு கண்களிலும் சிவப்பொளி தெரிகிறது.

அதே வாக்கியம். ஐலா அவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் முன்பு அதை அவள் படித்ததே இல்லை என்றுதான் தோன்றியது.

"அந்த வரிய பட்டன்லேருந்து எடுத்துடு," என்றார் வெண்ட், திரும்பாமலே.

"எடுத்துட்டேன். குழு ஒத்துக்கணும்."

"ஒத்துக்கும். கூட்டத்துல எல்லாரும் கத்துவாங்க. நானும் கத்துவேன், ஒரு க்ளிக் கூடிப்போச்சுன்னு. பழக்க தோஷம். அதுக்கெல்லாம் பயந்து திரும்ப உள்ள வெச்சிடாத."

"மாட்டேன்."

"அந்த எலுமிச்சை கேக்கை வேணும்னா திருப்பிக் குடுத்துடு."

"தின்னாச்சு," என்றாள் ஐலா.

கூட்டம் நடந்தது. சொன்னபடியே வெண்ட்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினார். பிறகு முதல் ஆளாகக் கை தூக்கினார்.

வார்டுக்கு அனுப்புமுன் கடைசியாக ஒருமுறை சோதிக்க வேண்டும். ஐலா சோதனைக் குழந்தையின் பக்கத்தைத் திறந்து, 'எல்லாம் இயல்பு' பட்டனை அழுத்தினாள். வரிகள் எழுந்து வந்தன. இரண்டாவது வரி மட்டும் வரவில்லை. அந்த இடம் வெள்ளையாக, திறந்தபடி நின்றது. உள்ளே ஒரு கோடு மின்னி மின்னி மறைந்தது.

முன்பென்றால் எதையாவது அழுத்திவிட்டு மேலே போயிருப்பாள். சோதனைதானே. இப்போது கை நின்றுவிட்டது. இருட்டறையும், கறவை இயந்திரத்தின் சத்தமும், இரண்டு தணல்களும் நினைவுக்கு வந்தன. இந்தக் குழந்தையின் முன்னால் ஒருவரும் குனிந்ததில்லை.

மூன்றாவது வாய்ப்பை அழுத்தினாள். இன்னும் பார்க்கவில்லை. கையெழுத்திட்டாள். திரை தடுக்காமல் ஏற்றுக்கொண்டது. குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில், யாராவது வந்து பார்க்கும்வரை போகாத சின்ன மஞ்சள் கொடி ஒன்று ஏறி நின்றது.

அந்தக் குழந்தையைப் பற்றி முதன்முறையாக உண்மையாக ஒன்றை எழுதியிருக்கிறோம் என்று ஐலாவுக்குத் தோன்றியது.